எலிக்கு ஆகாது

"இங்க பாரு, நீ இப்படிக் கத்தினா எலிக்கு ஆகாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. எதிரே மனைவி ஒரு கையில் ஈரத் துணியும் மறு கையில் சமையலறைக் குழாயின் கைப்பிடியுமாக நின்றாள். கைப்பிடியை இழந்த குழாய் அவளுக்குப் பின்னால் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றச் சொல்லி அவள் கேட்க ஆரம்பித்த காலத்தில் அது வெறுமனே சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"எந்த எலிக்கு?" என்றாள்.

"காலேஜ் எலிக்கு."

"நான் இங்க கத்தினா காலேஜ்ல இருக்கிற எலிக்கு என்னங்க வந்துச்சு?"

நியாயமான கேள்விதான். ஆனால் வாயை விட்டாயிற்று. இனிப் பின்வாங்கினால் குழாய்க்கும் சேர்த்து, எலிக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"எலியைக் கையில எடுக்கிறவன் நிதானமா இருக்கணும். அவன் மனசு கலங்கியிருந்தா அதுக்கு வாசனையிலேயே தெரிஞ்சிடும், பயந்துடும். அதனால வீட்டுல என்னை யாரும் டென்ஷன் பண்ணக் கூடாது. கமிட்டியே நிபந்தனை போட்டிருக்கு."

முதல் பாதி உண்மை. கடைசி வரி அந்த நிமிடம் பிறந்தது.

கல்லூரியில் அவருக்கு எலி சார் என்று பெயர். விலங்கியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தற்காலிகத்திலேயே அவருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஒரு ஆய்வை உருப்படியாக முடித்துக் காட்டினால் நிரந்தரமாக்கிவிடுவதாக முதல்வர் இப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆய்வு இதுதான். ஆய்வுக்கூடங்களில் சுண்டெலியை வழக்கமாக வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். எலி சார் தூக்க மாட்டார். உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையை வைத்து, கையைக் கூண்டுக்குள் நீட்டிவிட்டுச் சும்மா இருப்பார். எலி தானாக வந்து கையில் ஏற வேண்டும். துரத்தக் கூடாது, வற்புறுத்தக் கூடாது. இப்படிப் பழகிய எலிகள் பிற்பாடு எவ்வளவு பயமில்லாமல் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. கையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வருகிறதென்று மனைவி பலமுறை ஆச்சரியப்பட்டிருக்கிறாள். வீட்டில் ஒரு பல்பு மாற்றவே அவர் மூன்று முறை பெருமூச்சு விடுவார்.

கல்லூரியின் நெறிமுறைக் குழு, அதாவது எல்லோரும் கமிட்டி என்று சொல்வது, அவரை உட்காரவைத்து அரை நாள் குடைந்தது. கூண்டு எவ்வளவு அகலம், மரத்தூளை எப்போது மாற்றுவீர்கள், விளக்கை எப்போது அணைப்பீர்கள். எல்லாம் கேட்டு முடித்து அனுமதி கொடுத்தார்கள். எழுந்து போகிற போக்கில் கால்நடை மருத்துவர் அவர் தோளைத் தட்டி, "நிதானமா செய்ங்க சார், உங்க பதற்றம் அதுங்களுக்கும் தொத்திக்கும்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. வீட்டு நிபந்தனை எதையும் யாரும் போடவில்லை.

மனைவி குழாயின் கைப்பிடியை மேசைமேல் வைத்தாள்.

"கமிட்டில யாரெல்லாம் இருக்காங்க?"

"பிரின்சிபால்தான் தலைவர். கால்நடை டாக்டர் ஒருத்தர். அப்புறம் வெளியாள் ஒருத்தங்க, ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவங்க."

"எலிக்கு எதுக்குங்க டிக்கெட் பரிசோதகர்?"

"காலேஜுக்கும் விஞ்ஞானத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், அது விதி. அந்தம்மா பாவம், எலிக்கு போரடிக்காதான்னு மட்டும் கேட்டாங்க."

"ஓ" என்றாள் மனைவி. "சரிங்க. வாயில்லாத ஜீவன். அதுக்கு ஒரு கெடுதல் நம்மால வர வேணாம்."

பிளம்பருக்கு அவளே போன் செய்தாள். எலி சார் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை வீடு திரும்பியபோது அவள் குரலே மாறியிருந்தது.

"வந்துட்டீங்களா?"

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்து போன பிறகு பேசுகிற குரல். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் கணக்குப் புத்தகத்தோடு ஓடிவந்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்ததும் அப்படியே திரும்பிப் போனாள். குப்பை தானாகக் கீழே போயிற்று. துவைத்த துணி தானாக மடிந்தது. அவர் பொய் சொன்னதைப் பற்றி உறுத்தியதா என்றால், உறுத்தவில்லை. இதை ஏன் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடிக்காமல் போனோம் என்றுதான் வருத்தப்பட்டார்.

அந்தச் சுகம் ஒரு சில நாள் நீடித்தது. பிறகு காபி நின்றது.

"எங்க காபி?"

"காபி குடிச்சா படபடப்பு வருமாம். எலிக்கு ஆகாது." மனைவி ஒரு தம்ளர் வெந்நீரை அவர் முன் வைத்தாள்.

அடுத்தது வெங்காயம். கையில் வாடை தங்குமாம். வெங்காயம் இல்லாத ஆம்லெட்டை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். பிறகு வாசனை சோப்பு போயிற்று. பிறகு டி.வி.யில் மேட்ச்.

"மேட்ச் பார்க்கிறதுல என்ன தப்பு?"

"போன தடவை அந்த கடைசி கோலுக்கு நாற்காலியை உதைச்சீங்களே, மறந்துட்டீங்களா?" இதையும் அதே மெல்லிய குரலில்தான் சொன்னாள். "கோபப்படாதீங்க. கோபமும் ஆகாது."

கோபப்படக் கூடாது என்றால் மனிதன் எதை வைத்து எதிர்ப்புத் தெரிவிப்பான்? அவர் வெந்நீரைக் குடித்தார்.

அந்த வார இறுதியில் மாமியார் வந்து இறங்கினார். மகளுக்கு ஒத்தாசையாம். இந்த அம்மாள் வீட்டுக்குள் காலை வைக்கும்போதே, "என்ன மாப்பிள்ளை, இன்னும் பர்மனென்ட் ஆகலையா?" என்று கேட்பது வழக்கம். எலி சார் அதற்கென்றே இரண்டு மூன்று பதில்களைத் தயாராக வைத்திருப்பார். இந்த முறை மாமியார் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரையே பார்த்து, கேள்வியைத் தொண்டைக்குழியில் விழுங்கிவிட்டு, இரக்கத்தோடு சிரித்தார். சாப்பிடும்போதும் சிரித்தார். எலி சார் ஷூவைக் கழற்றும்போதும் சிரித்தார்.

"அத்தை, ஏதாவது பேசுங்களேன்" என்று எலி சார் கெஞ்சினார்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆகாது மாப்பிள்ளை" என்று தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்துதான் எலி சாருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

இத்தனை நாளாக நன்றாகப் பழகிவந்த எலிகள் பின்வாங்கத் தொடங்கின. அவற்றில் ஒன்றுக்கு அவர் மீசை என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். அது மணிக்கட்டு வரை ஏறி, கடிகாரப் பட்டையை முகர்ந்துவிட்டுப் போகும். இப்போது கை உள்ளே வந்ததுமே மரத்தூளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. விதை உள்ளங்கையில் கிடந்து குதித்தது. அவர் மூச்சை ஆழமாக இழுத்து விட்டுப் பார்த்தார். அந்தப் புஸ் புஸ் சத்தத்துக்கு மிச்சமிருந்த இரண்டு தைரியசாலிகளும் ஓடி ஒளிந்தன.

வேலை நிரந்தரமாவது இருக்கட்டும், அனுமதியே போய்விடும் போலிருந்தது. நிபந்தனையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

"ஒரு நல்ல சேதி" என்றார் அன்று மாலை. "கமிட்டி நிபந்தனையைத் தளர்த்திடுச்சு. இனிமே நீங்க எல்லாரும் பழையபடி இருக்கலாம்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றாள் மனைவி. "எதுக்கும் பிரின்சிபாலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிறேன். எலி விஷயம் பாருங்க, நாமளா முடிவு பண்ணக் கூடாது."

"வேணாம், வேணாம்! தளர்த்தலை. தளர்த்தலாமான்னு யோசிச்சாங்க. அப்புறம் பார்த்தா, இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டாங்க."

"எவ்வளவு இறுக்கிட்டாங்க?"

"கொஞ்சம் அதிகமாவே."

மனைவி மோவாயில் விரலை வைத்து யோசித்தாள். பிறகு எழுந்துபோய் ஸ்டோர் ரூமில் இருந்த பழைய பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்தாள். ஆள் அரவமே இல்லாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஒரு சுண்டெலிக்கு இவ்வளவு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. எலி சாருக்கு அது மனப்பாடம். அன்றிரவு ஸ்டோர் ரூமில் தனக்கென்று போட்ட மடக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு, உடைந்த மின்விசிறிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் மீதமிருந்த தரையைக் கண்ணால் அளந்து, தன் உடம்பின் எடைக்கு அந்த விதிப்படி எவ்வளவு வர வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டார். பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் போதாது.

"கமிட்டி பார்த்தா அனுமதியே குடுக்காது" என்று அரிசி டின்னிடம் சொன்னார்.

மகள் வேளாவேளைக்குத் தட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பூனைநடை நடந்து போனாள். ஒருநாள் நின்று, "அப்பா, உள்ள போரடிக்குதா?" என்று காற்றோடு காற்றாகக் கேட்டாள். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழுகையும் ஆகாது என்பதால் அடக்கிக்கொண்டார்.

மாலையில் மட்டும் மனைவி வருவாள். நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். கையில் ஆவி பறக்கும் காபி இருக்கும். அவள் குடிப்பதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் வாசனையை மட்டும் இழுத்துக்கொள்வார்.

"ஏதாவது சொல்லணுமாங்க?"

"இல்லையே."

"சரி. ஒண்ணும் அவசரம் இல்ல."

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகு காபியோடு எழுந்து போய்விடுவாள். மறுநாள் மாலை அதேபோல வருவாள், அதையே கேட்பாள். உண்மையைச் சொல்லிவிட அவருக்கு நாக்கு நுனி வரை வரும். ஆனால் இத்தனை நாள் திட்டாததையெல்லாம் சேர்த்துத் திட்டுவாளே என்று நினைத்ததும் திரும்ப உள்ளே போய்விடும். அவள் திட்டாத வீடு அவருக்கு வேறு யாரோ ஒருவருடைய வீடாக இருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கமிட்டி கூண்டுகளைப் பார்வையிட வருகிறது என்று சேதி வந்தது. எலிகள் பயந்துபோயிருப்பதாகத் தெரிந்தால் ஆய்வை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். "எல்லாம் நல்லபடியா இருந்தா அங்கேயே உங்க ஆர்டர்ல கையெழுத்து போட்டுடறேன்" என்று முதல்வர் வேறு ஆசை காட்டியிருந்தார்.

மனைவிக்கும் சேதி எப்படியோ எட்டியிருந்தது.

"நானும் வர்றேன்" என்றாள்.

"புது ஆள் வந்தா எலிக்கு ஆகாது!"

"ஓரமா நிக்கிறேங்க. நிபந்தனையை எல்லாம் எவ்வளவு ஒழுங்கா கடைப்பிடிச்சோம்னு கமிட்டிக்கும் தெரிய வேணாமா?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விலங்குக் கூடத்தில் எல்லோரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நின்றார்கள். முதல்வர் அங்கிப் பையில் பேனா பளபளத்தது. கால்நடை மருத்துவர் குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். டிக்கெட் பரிசோதகர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி, எலிகளைவிட எலி சாரையே அதிகம் பார்த்தார். மனைவி சொன்னபடி ஓரமாகக் கைப்பையோடு நின்றாள்.

எலி சார் விதையை உள்ளங்கையில் வைத்துக் கையை உள்ளே விட்டார். கை வெடவெடவென்று ஆடியது. எலிகள் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அடியில் மீசையின் வால் மட்டும் தெரிந்தது.

"சார், இதுங்க மிரண்டு போயிருக்கு" என்றார் மருத்துவர். "இப்படியே தொடர விட முடியாது. நிறுத்திடறதுதான் நல்லது."

முதல்வரின் கை பேனாவை விட்டு விலகியது.

"ஒரு நிமிஷம்" என்றார் மருத்துவர் மறுபடியும். "உங்க கை ஏன் இப்படி நடுங்குது? உடம்பு சரியில்லையா?"

நல்ல மனிதர், அவரே கதவைத் திறந்துவிட்டார்.

"காய்ச்சல் சார்" என்றார் எலி சார்.

"காய்ச்சலா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" முதல்வருக்கும் நிம்மதிதான். "அப்ப ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்கலாம். ஒண்ணும் கெட்டுப் போகலை."

தப்பித்தாயிற்று. வேலையும் தப்பித்தது, குட்டும் உடையவில்லை. எலி சார் மனைவியைப் பார்த்தார். காய்ச்சலா என்று அவள் தொட்டுப் பார்க்க வரவில்லை. மாலையில் நிலைப்படியில் உட்கார்ந்திருப்பாளே, அதே முகம். இன்னும் இரண்டு வாரம் அரிசி டின். இரண்டு வாரம் வெந்நீர். இரண்டு வாரம் மாமியாரின் புன்னகை. மூலையில் குவிந்து கிடந்த எலிகளையும் பார்த்தார். அவருடைய பொய்க்கு அவையும் அல்லவா நடுங்குகின்றன!

"காய்ச்சல் இல்ல சார்" என்றார். "பொய்."

மனைவி பக்கம் திரும்பினார்.

"கமிட்டி எந்த நிபந்தனையும் போடலை. நானாதான் சொன்னேன். குழாய்க்கு பயந்து சொன்னேன். அப்புறம் அதை மறைக்க ஒண்ணு, அதை மறைக்க ஒண்ணு. என்னால முடியலை. எனக்கு காபி வேணும். நீ திட்டணும். ரெண்டும் இல்லாம இருக்க முடியலை."

முதல்வர் மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் கூரையைப் பார்த்தார்.

மனைவி கைப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"குழாயா? சொட்டின குழாயை உடையிற வரைக்கும் விட்டதே நீங்கதானே!" என்று ஆரம்பித்தாள்.

கூடமே அதிர்ந்தது. எத்தனை நாள் சேர்த்து வைத்ததோ! குழாயில் தொடங்கி, மாற்றாத பல்புக்குப் போய், பள்ளிக்கூடத்தில் மகளை மறந்துவிட்டு வந்த மழை நாளைத் தொட்டு, கல்யாணத்துக்கு அவர் தாமதமாக வந்தது வரை போய், மூச்சு வாங்காமல் மறுபடியும் குழாய்க்குத் திரும்பினாள். எலி சாருக்குத் தோள் இரண்டும் தானாக இறங்கின. நெஞ்சில் இருந்த பாரம் கழன்று விழுந்தது. வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மருத்துவர் திடீரென்று முதல்வரின் முழங்கையைப் பிடித்தார். "சார், கையைப் பாருங்க."

கூண்டுக்குள் இருந்த கை அசையாமல் இருந்தது.

குவியலில் இருந்து மீசை தலையை நீட்டியது. இரண்டடி வந்தது, நின்றது, முகர்ந்தது. பிறகு விரல் நுனியில் கால் வைத்து, உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, விதையை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்க ஆரம்பித்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

மனைவி அதைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"நிறுத்தாதீங்கம்மா!" என்று முதல்வர் பதறினார். "தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க!"

"நான் எங்க சார் முடிச்சேன்?" என்று அவள் தொடர்ந்தாள்.

கடைசியில் ஆய்வு தொடரலாம் என்று முடிவாயிற்று. "இந்தத் தடவை நிஜமாவே ஒரு நிபந்தனை போடறோம்" என்றார் மருத்துவர், சிரிக்காமல். "வீட்டுல வழக்கமா என்ன கிடைக்குதோ அது குறையாம கிடைக்கணும்." முதல்வர் அங்கேயே மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம். எலி சார் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்தெல்லாம் கலங்கித் தெரியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தார். இத்தனை பெரிய பொய்யை அவள் இவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிட்டாளே என்று மனம் குளிர்ந்துபோயிருந்தது. யோசித்துப் பார்த்தால், ஏன் பொய் சொன்னீங்க என்று ஒரு வார்த்தைகூட அவள் கேட்கவில்லை.

வராந்தாக் கோடியில் மனைவி நின்றிருந்தாள். டிக்கெட் பரிசோதகர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்:

"முதல் நாளே காலேஜ்ல என் நம்பர் வாங்கிப் போன் பண்ணினீங்களே, அப்படி ஒரு நிபந்தனையே கிடையாதுன்னு நான் சொன்னப்ப, 'இருக்கட்டும்மா, வற்புறுத்த வேணாம், அவரா வந்து கையில ஏறட்டும்'னீங்களே, பரவாயில்ல, எலியை விட சீக்கிரமாவே ஏறிட்டார்!"